கரும்பலகையிலிருந்து கணினித் திரை வரை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கல்வி விழாவில், ஜமாஅத் கல்வி உதவி நிதியின் துணையால் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் பயிற்சியை நிறைவு செய்த மாணவியர் மூவர் சார்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்.)

  

இந்த மேடையில் நிற்பதற்கு எங்களுக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். 2022ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், எங்கள் கட்டணத்தின் பெரும்பகுதியை இந்த ஜமாஅத் ஏற்றுக்கொண்டது. நீங்கள் கொடுத்த பணம் எவ்வாறு பயன்பட்டது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குக் கணக்குச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. ஆகவே இதை ஒரு சொற்பொழிவாகக் கருதாமல், ஒரு கணக்கு ஒப்படைப்பாகவே ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

"தொடக்கப் பள்ளியில் தொழில்நுட்பம்" என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நமது ஜமாஅத் நடத்தும் மழலையர் மற்றும் தொடக்கப் பள்ளிக்குப் பெரிய தொடுதிரை ஒன்று வாங்குவது குறித்துக் கல்விக் குழு ஆலோசித்து வருவதை நாம் அனைவரும் அறிவோம். அந்த ஆலோசனைக்கு எங்கள் அனுபவம் சிறிதளவேனும் உதவுமானால் மகிழ்வோம்.

மணலும் பலகையும்

தொழில்நுட்பம் என்றவுடன் கணினி, கைப்பேசி, திரை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பயிற்சியின் முதல் வாரத்தில் எங்களுக்குக் கூறப்பட்ட செய்தி வேறு. பிள்ளையின் கற்றலுக்குத் துணை நிற்கும் எந்தப் பொருளும் தொழில்நுட்பமே என்றார்கள். நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைப் பழகினார்கள். தவறாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம், செலவும் இல்லை. நம் பகுதியின் உருது வழி மாணவர்களின் தாத்தாமார்கள் தக்தி என்னும் மரப்பலகையில் மண்பூசிக் காயவைத்து, நாணல் பேனாவால் எழுதிப் பழகியதை இங்குள்ள முதியோர்கள் அறிவார்கள். அதுவும் கழுவிக் கழுவிப் பயன்படுத்திய பலகைதான்.

இந்த மணல் எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் இராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை. ஆகவே எழுத்தறிந்த ஒரு சிறுவனைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். அந்த முறையைப் பற்றி 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். பின்னர் அது "சென்னை முறை" என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. மணல் என்னும் கருவி சிறந்ததாகவே இருந்தும், அதைக் கையாள மனமுள்ள ஒருவர் கிடைத்த பிறகே அது பயன்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

வானிலிருந்து வந்த பாடங்கள்

நம் நாட்டில் பிள்ளைகளின் கல்விக்குப் புதிய கருவிகளைக் கொண்டுவரும் முயற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவிடமிருந்து இரவலாகப் பெற்ற செயற்கைக்கோளின் வாயிலாக ஆந்திரம், கருநாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. காலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகள். மாலையில் வேளாண்மை, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகள். ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதன் வழியே தரப்பட்டது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது; நிகழ்ச்சிகளும் நின்றன.

1987இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், கரும்பலகை முதலான அடிப்படைக் கருவிகள் வேண்டும் என்று அத்திட்டம் கூறியது. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2018-19ஆம் கல்வியாண்டு முதல் தமிழகத்தின் புதிய பாடநூல்களில் கைப்பேசியால் படிக்கத்தக்க விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கவும், ஏறத்தாழ 80,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கவும் தமிழக அரசு முற்பட்டது. இவை யாவும் நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்டவை. ஆயினும் வகுப்பறையில் முப்பது பிள்ளைகளின் முன்னே நிற்கும்போதுதான் ஒரு கருவியின் உண்மையான மதிப்பு விளங்குகின்றது. அவ்வாறு எங்களுக்கு விளங்கிய கதையை இனிக் கூறுகின்றோம்.

எங்கள் முதல் பாடம்

பயிற்சியின் ஒரு பகுதியாகக் காட்பாடியை அடுத்த ஒரு தொடக்கப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்கு அனுப்பப்பட்டோம். இரண்டாம் வகுப்பு, 32 பிள்ளைகள். ல, ள, ழ ஆகிய மூன்று எழுத்துகளின் வேறுபாட்டைக் கற்பிப்பது எங்கள் பணி. நாங்கள் மூவரும் இரவெல்லாம் விழித்திருந்து, அசையும் படங்களும் பாட்டும் நிறைந்த ஒளிக்காட்சி ஒன்றை ஆயத்தம் செய்தோம். படவீழ்த்தி ஒன்றை இரவல் வாங்கினோம். இருபது நிமிடங்கள் படம் ஓடியது. பிள்ளைகள் கைதட்டி மகிழ்ந்தார்கள். "மிஸ், இன்னொரு தடவை போடுங்க மிஸ்!" என்று கூவினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் விரிவுரையாளர் அம்மையார் கடைசி வரிசையில் ஒரு குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார்கள். மாலையில் எங்களை அழைத்தார்கள். பாராட்டுவார்கள் என்று எண்ணிச் சென்றோம். "இருபது நிமிஷத்துல எத்தனை பிள்ளைங்க தனியா வாய் திறந்து அந்த எழுத்தைச் சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களிடம் விடை இல்லை. ஒருவர்கூடத் தனியாகச் சொல்லவில்லை என்பதே உண்மை. சன்னல் வெயில் சுவரில் பட்டதால் பின்னால் இருந்த பிள்ளைகளுக்குப் படமே தெரியவில்லை என்பதையும் அவர்கள் குறித்து வைத்திருந்தார்கள். நாங்கள் மூவரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துப் படிக்கச் சொன்னோம். வாழை என்னும் சொல்லைப் பாதிக்கு மேற்பட்டோர் வாளை என்றே படித்தனர். சிலர் பள்ளியையும் பல்லியையும் ஒன்றாகவே ஒலித்தனர். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு சிறுமி வாயே திறக்கவில்லை. அவளுடைய வீட்டு மொழி உருது. தாய் விடியற்காலையில் வேன் ஏறி ஷூ கம்பெனிக்குச் சென்று, இருட்டிய பிறகு வீடு திரும்புபவர். தந்தை தோல் தொழிற்சாலையில் கூலி. தமிழில் அவளுடன் பேசுவோர் பள்ளியை விட்டால் எவரும் இல்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் இத்தகைய பிள்ளைகள் எத்துணைப் பேர் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி, 2006-07ஆம் கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கித் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. வீட்டில் உருது பேசும் பிள்ளைக்கு முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் தமிழ் ஒலிகள் சரியாகப் பதியாவிடில், அதன் விளைவு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வரை தொடர்ந்து வரும்.

நாங்கள் திருத்திக்கொண்ட முறை

அடுத்த வாரம் படவீழ்த்தியை எடுத்துச் செல்லவில்லை. ஒரு வாழை இலையும் ஒரு கைப்பேசியும் கொண்டு சென்றோம். முதலில் இலையைக் கையில் கொடுத்தோம். பிறகு நாக்கின் நுனியை மேல்நோக்கி வளைத்து, எதன்மீதும் படாமல் ழகரத்தை ஒலித்துக் காட்டினோம். ளகரத்திற்கு நாக்கு மேல்வாயைத் தொடுவதையும் காட்டினோம். அதன் பின்னர் நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல்லைச் சொல்ல, கைப்பேசியில் பதிவு செய்து உடனே ஒலிக்கச் செய்தோம். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளைக்கு ஏற்படும் வியப்பு பெரிது. "இது நானா மிஸ்?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் சொல்லாமலேயே தவறைத் திருத்திக்கொள்ள முயன்றார்கள்.

அந்தச் சிறுமி முதல் இரண்டு நாள்கள் பதிவுக்கு வரவே இல்லை. மூன்றாம் நாள் மற்றவர்கள் விளையாடச் சென்றபின் எங்களிடம் வந்து, ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். அது சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மீண்டும் பதியச் சொன்னாள். மணலில் எழுதி அழித்த பிள்ளைகளின் வழியையே அவளும் பின்பற்றினாள் என்று பின்னர் எண்ணிக்கொண்டோம். எங்கள் பயிற்சிக் காலம் முடியும் நாளில் அவள் நான்கு வரிகள் கொண்ட ஒரு பத்தியைத் தயங்காமல் படித்தாள். ழகரம் இரண்டு இடங்களில் தவறியது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வாய் திறக்காத பிள்ளை படித்தாள்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய தாயார் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களின் இசைவைப் பெற்றே நாங்கள் பதிவுகளை வைத்திருந்தோம். முதல் வாரத்துப் பதிவையும் கடைசி வாரத்துப் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தோம். அந்தத் தாயாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மதிப்பெண் அட்டை அவர்களுக்குப் படிக்க இயலாத தாள். ஆனால் இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டு அறிந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கம்பெனியிலிருந்து வந்ததும் தினம் படிக்கச் சொல்லிக் கேக்கறேன் மிஸ்" என்றார்கள். கரும்பலகையால் செய்ய இயலாத ஒன்றைக் கைப்பேசி அன்று செய்தது. ஒரு பிள்ளையின் இரண்டு மாத உழைப்பை, எழுத்தறியாத தாய்க்கு அது காட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்தப் பதிவுகளை அழித்துவிட்டோம்.

விசைப்பலகை கற்பித்த இலக்கணம்

பயிற்சியில் நாங்கள் கற்றுக்கொண்ட மற்றொரு செய்தியையும் இங்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான பயிற்சித் தாள் ஒன்றைப் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து, அச்சடிக்கும் கடைக்கு அனுப்பினோம். அங்கிருந்த கணினியில் அந்த எழுத்துரு இல்லாமையால், தாள் முழுவதும் பொருளற்ற குறியீடுகளாக வந்து நின்றது. மறுநாள் வகுப்பு வெறுங்கையுடன் நடந்தது. ஒருங்குறி முறையில் தட்டச்சு செய்தால் எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் எழுத்து மாறாது; தமிழக அரசும் 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது என்பதை அதன் பின்னரே அறிந்தோம்.

ஆகவே தமிழ்99 விசைப்பலகையைப் பழகினோம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவாகி, தமிழக அரசால் ஏற்கப்பட்டது அது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்களுக்குரிய எழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. மகர விசையை அழுத்தி, அடுத்து ஆகார விசையை அழுத்தினால் "மா" என்று வருகின்றது. அ, ம, ம, ஆ என்று வரிசையாக அழுத்தினால், இடையில் உள்ள மகரத்திற்குத் தானே புள்ளி வைத்துக்கொண்டு "அம்மா" என்று எழுதிவிடுகின்றது. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கின்றது என்னும் இலக்கணம், அந்த விசைப்பலகையின் அமைப்பிலேயே உள்ளது.

இதைக் கண்ட எங்களுள் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 247 எழுத்துகளையும் தனித்தனியே மனனம் செய்ய முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்தால் 216 உயிர்மெய்களும் தாமே வரும் என்று காட்டலாமே! அட்டையில் விசைகளை வரைந்து, கணினி இல்லாமலேயே அந்த விளையாட்டை நடத்தினோம். ஒரு பிள்ளை மெய்யைத் தொட, இன்னொரு பிள்ளை உயிரைத் தொட, வகுப்பு முழுவதும் உயிர்மெய்யைச் சொல்லும். வாரத்தின் கடைசி நாளில் மட்டும் உண்மையான மடிக்கணினியில் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தட்டச்சு செய்தார்கள். பாடம் அட்டையில் நடந்தது; அது பலித்ததா என்று கணினியில் கண்டுகொண்டோம்.

அட்டையின் ஆற்றல் நமக்குப் புதியதன்று. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகச் சென்றால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி என்னும் இடம் உள்ளது. அங்குள்ள கிராமப்புறக் கல்வி மையத்தினர், பாடங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, படிப்படியாக ஏறும் ஏணியாக அமைத்து, பிள்ளைகள் தம் வேகத்தில் பயிலும் அட்டைகளை உருவாக்கினார்கள். அதைத் தழுவியே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்திற்கு ஏற்பக் கரும்பலகை அமைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத இடம் ஒதுக்கியதும் அப்போதுதான். மின்சாரம் தேவைப்படாத அந்தக் கருவிகளும் தொழில்நுட்பமே.

ஆய்வுகள் கூறுவது

எங்கள் அனுபவம் மூன்று பேரின் அனுபவம்; அதைக் கொண்டே முடிவு செய்வது முறையாகாது. ஆகவே பயிற்சியின்போது நாங்கள் படித்தறிந்த மூன்று ஆய்வுகளின் முடிவைச் சுருக்கமாகச் சொல்கின்றோம்.

குஜராத் மாநிலம் வதோதராவில் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், வாரத்திற்கு இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து கணித விளையாட்டுகளைச் செய்தார்கள். அவர்களின் கணித அறிவு குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தது என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. எனினும் திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி தேய்ந்திருந்தது.

அதே குஜராத்தில், இரண்டாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடையே நடந்து 2008இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே கணினிப் பாடம் இரண்டு வகையாகப் பயன்படுத்தப்பட்டது. ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டு அதற்கு மாற்றாகக் கணினியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள், கணினியே இல்லாத பிள்ளைகளைவிடக் குறைவாகக் கற்றார்கள். வகுப்பு முடிந்த பிறகு கூடுதல் நேரத்தில் அதே கணினியில் அமர்த்தப்பட்டவர்களோ அதிகமாகக் கற்றார்கள்; அவர்களுள்ளும் பின்தங்கிய பிள்ளைகளே மிகுதியாகப் பயன்பெற்றார்கள். இரண்டு இடங்களிலும் இயந்திரம் ஒன்றே. அதற்குத் தரப்பட்ட இடம்தான் வேறு.

மூன்றாவது செய்தி தென் அமெரிக்காவின் பெரு நாட்டைப் பற்றியது. அந்நாட்டரசு எட்டு லட்சத்திற்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது. 319 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. கணக்கிலோ மொழிப்பாடத்திலோ பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவி கைக்கு வந்தது. அதைப் பாடத்துடன் இணைக்கும் பயிற்சி ஆசிரியருக்குப் போதிய அளவில் கிட்டவில்லை.

பூட்டிய பள்ளிகளும் ஒற்றைக் கைப்பேசியும்

பெருந்தொற்றுக் காலத்தை நாம் மறந்துவிடலாகாது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள், தமிழகத்தில் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள்! நம் தெருக்களில் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அது தந்தையுடன் வேலைக்குச் சென்றது. இரவு ஒன்பது மணிக்கு அது வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கியிருக்கும். அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு என்றால், தங்கையின் இரண்டாம் வகுப்புப் பாடம் கைவிடப்பட்டது. முதல் வகுப்பையே காணாமல் மூன்றாம் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகளை நாங்கள் கண்டோம்.

2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, எங்களுள் ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நிலையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, மாடிப்படியின் கீழே இருபது பிள்ளைகள். கருவிகள் என்று பார்த்தால் ஒரு சிறு கரும்பலகை, கதைப் புத்தகங்கள், அவருடைய சொந்தக் கைப்பேசி ஆகியவையே. பிள்ளைகள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அருகில் அமர்ந்து கேட்பதற்கு ஓர் அக்கா இருந்தமையே அதற்குக் காரணம். அந்த மாலை நேரம்தான் அவரை ஆசிரியப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்களின் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதை எங்கள் பயிற்சியில் நேரில் கண்டோம். எந்தப் பிள்ளை எந்த நிலையில் இருக்கின்றது என்பதைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் அதைக் கண்டறிய, பிள்ளையின் அருகே அமர்ந்து படிக்கக் கேட்கும் ஒரு காது முதலில் தேவை.

ஜமாஅத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்

பெரியோர்களே! எங்களைப் படிக்க வைத்தவர்களிடம் மறுத்துப் பேசுவது எளிதன்று. ஆயினும் உங்கள் பணத்தால் கற்றதை உங்களிடமே மறைப்பது நன்றியாகாது. தொடுதிரை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது வருவதற்கு முன்பாகவும், வந்த பின்னரும் செய்ய வேண்டியவை சில உள்ளன என்றே சொல்கின்றோம்.

முதலாவது, திரைக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஆசிரியைகளின் பயிற்சிக்கும் ஊதியத்திற்கும் ஒதுக்க வேண்டுகின்றோம். நம் பகுதியில் இராணிப்பேட்டையில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் உள்ளது. அனுபவமிக்க பயிற்றுநர்களை அழைத்து ஆண்டுக்குச் சில நாள்களேனும் பயிற்சி நடத்தலாம். ஆண்டுதோறும் ஆசிரியைகள் மாறிக்கொண்டே இருந்தால், எந்தத் திரையும் சுவரில் தொங்கும் படமாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, திரையின் நேரம் ஆசிரியையின் நேரத்தை விழுங்கலாகாது. ஒரு பாடவேளையில் ஐந்து அல்லது பத்து நிமிடங்கள் காட்டி, நிறுத்தி, கேள்வி கேட்டு, பிள்ளைகளைப் பேசவைக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதே நாங்கள் இரண்டாண்டுகளில் கற்ற மிகக் கடினமான பாடம்.

மூன்றாவது, தாய்மார்கள் கம்பெனியிலிருந்து திரும்பும் வரை பிள்ளைகள் தெருவில் நிற்கும் மாலை நேரத்தில், பள்ளியைத் திறந்து வைத்துப் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டுகின்றோம். கூடுதல் நேரத்தில்தான் கருவி மிகுதியாகப் பயன்படுகின்றது என்பதை முன்னரே கூறினோம். வாரத்தில் மூன்று மாலைகள் ஊதியம் இன்றிப் பணியாற்ற நாங்கள் மூவரும் ஆயத்தமாக உள்ளோம்.

நான்காவது, பழுதுபார்ப்பதற்கும் மின்தடையைச் சமாளிப்பதற்கும் ஆண்டுச் செலவில் தனித் தொகை வைத்து, ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பூட்டிய அலமாரியில் உறங்கும் கணினிகளை நாங்கள் பல இடங்களில் கண்டுள்ளோம்.

ஐந்தாவது, பிள்ளைகளின் படங்களையும் குரல்களையும் பெற்றோர் இசைவின்றிப் பதிவு செய்வதோ, வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதோ கூடாது என்று பள்ளி ஓர் ஒழுங்கு வகுக்க வேண்டும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இறுதியாக ஒன்று. தகுதித் தேர்வுக்கு நாங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கின்றோம். நிலையான பணி எங்களுக்கு எப்போது கிட்டும் என்று தெரியாது. ஆயினும் நீங்கள் செலவிட்ட பணம் வீணாகவில்லை என்று மட்டும் உறுதி கூறுகின்றோம். இரண்டாம் வகுப்பில் வாய் திறக்காமல் அமர்ந்திருந்த அந்தச் சிறுமி, சென்ற மாதம் கடைத்தெருவில் தன் தாயாருடன் எங்களைக் கண்டாள். ஓடி வந்து, பழக்கடையில் தொங்கிய தாரைச் சுட்டிக்காட்டி, "வாழைப்பழம் மிஸ்!" என்றாள். ழகரம் தெளிவாக இருந்தது. உங்கள் கல்வி நிதியின் கணக்குப் புத்தகத்தில் அதையும் ஒரு வரவாக எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.